காரைக்காலின் எல்லையும் கணினியின் பலகோணமும்

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் வடிவத்தைக் கணினியில் ஏற்ற முற்படுகிறவர், பூகோளத்தில் எத்தனை தேர்ச்சி பெற்றவராயினும், ஒரு பிரதேசமென்றால் அது ஒரே துண்டு நிலமாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை முதலிலேயே கைவிட்டாக வேண்டும். தமிழ்நாட்டை ஒட்டிப் புதுச்சேரியும் காரைக்காலும், கேரளக் கரையில் மாஹேயும், ஆந்திரத்தில் கௌதமி கோதாவரியின் கரையில் ஏனாமுமாக அது நான்கு இடங்களில் பிரிந்து கிடப்பது போதாதென்று, புதுச்சேரி வட்டாரம் ஒன்றே தமிழ்நாட்டு நிலத்தினூடே பல துண்டுகளாகச் சிதறியிருக்கிறது. காரைக்கால் 1739இல் தஞ்சை அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. வில்லியனூரும் பாகூரும் 1750ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆற்காட்டு நவாபு பட்டத்துக்காக நடந்த போர்களின் பயனாக வந்து சேர்ந்தன. நடுவே ஆங்கிலேயர் பிடிப்பதும் திருப்பித் தருவதுமாக இருந்து, 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறி, 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியும் இணைப்பு நிறைவேறியபோது, அந்தத் துண்டுகளெல்லாம் பழைய கோலம் மாறாமலே இந்தியாவின் வரைபடத்தில் வந்து அமர்ந்தன.

இந்தக் கோலத்தைக் கணினி எப்படி ஏற்றுக்கொள்கிறது, ஏற்றுக்கொள்ளும்போது எதைத் தவற விடுகிறது என்பதைப் பற்றி, அன்றாடம் இந்த வேலையிலேயே புழங்குகிறவரின் அனுபவத்திலிருந்து சாவகாசமாகக் கொஞ்சம் பேச வேண்டுமென்பது எனக்கு வெகு நாளைய ஆசை.

கணினிக்கு நிலம் தெரியாது. புள்ளி ஒன்றுதான் தெரியும். பூமியின் மேல் ஓர் இடத்தைக் குறிக்கத் தீர்க்கரேகை ஓர் எண், அட்சரேகை ஓர் எண் என்று இரண்டு எண்கள் போதும். அப்படிப்பட்ட புள்ளிகளை எல்லையின் வழியே வரிசையாக எழுதிக்கொண்டே போய், கடைசிப் புள்ளியாக முதற் புள்ளியையே மீண்டும் ஒருமுறை எழுதி முடித்துவிட்டால், அதுவே ஒரு வளையமாகி, அந்த வளையத்துக்குப் பலகோணம் என்ற பெயரும் வந்துவிடுகிறது. முக்கோணத்தைக்கூட இந்தக் கணக்கில் நான்கு புள்ளிகளால்தான் எழுத வேண்டும். இன்று இணையத்தில் மிகுதியாக வழங்கும் ஜியோஜேசன் என்ற முறையும், எஸ்ரி நிறுவனத்தார் 1990களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்து இன்றளவும் அரசு அலுவலகங்களில் செல்வாக்குக் குன்றாமலிருக்கும் ஷேப்ஃபைல் முறையும், இன்னும் பல முறைகளும், அடிப்படையில் இந்த ஒரே உத்தியைத்தான் நம்பியிருக்கின்றன. காகிதப் படத்தில் வண்ணம் பூசிக் காட்டுகிற நிலப்பரப்பு இவற்றில் எங்கும் இல்லை. அதைச் சுற்றிய வேலி மட்டுமே உண்டு. பரப்பு என்பது நாம் அந்த வேலியைப் பார்த்து ஊகித்துக்கொள்வது.

எண்களை எழுதும் வரிசையிலேயே முதற் சங்கடம் ஆரம்பமாகிவிடுகிறது. நாம் பேச்சில் அட்சரேகையை முன்னும் தீர்க்கரேகையைப் பின்னும் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஜியோஜேசனோ கிழக்கு மேற்கைக் குறிக்கும் தீர்க்கரேகையை முதலில் கேட்கிறது. புதுச்சேரி நகரம் ஏறத்தாழ 11.93 வட அட்சத்திலும் 79.83 கிழக்குத் தீர்க்கத்திலும் இருக்கிறது. இவ்விரண்டும் இடம் மாறிவிட்டால், கடற்கரைச் சாலையும் காந்தி சிலையும் சேர்ந்தாற்போல் வட துருவத்துக்கு அருகே, நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டின் வட கரைக்குப் போய்விடுகின்றன. இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் அமைந்திருக்கும் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் ஓரம் அது. வரைபடத்தைத் திறந்ததும் ஊரைக் காணவில்லை என்று யாராவது சொன்னால், நான் முதலில் தேடிப் பார்ப்பது அந்தப் பனிப் பிரதேசத்தைத்தான்.

தசமஸ்தானங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரு பாகை அட்சரேகை சுமார் 111 கிலோமீட்டர். ஆறு தசமஸ்தானம் எழுதினால் பத்துப் பதினோரு சென்டிமீட்டர் வரை நுட்பம் கிடைத்துவிடுகிறது, வயலின் வரப்புக்கே அது தாராளம். பதினைந்து ஸ்தானங்கள் வரை எழுதித் தரும் கோப்புகளையும் பார்க்கிறோம். அந்த நுட்பம் ஓர் அணுவின் குறுக்களவை எட்டுவது, ஆனால் அதை அளந்த கருவியோ பல மீட்டர் தவறக்கூடியது.

இனி விஷயத்தின் சூட்சுமமான பகுதிக்கு வருவோம். வளையம் எழுதியாயிற்று, அதில் உள் எது, வெளி எது? காகிதத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கணினியோ புள்ளிகளை எந்தத் திசையில் சுற்றி எழுதினோம் என்பதை வைத்து முடிவு செய்யக்கூடும். அந்தத் திசையில்தான் இரண்டு சம்பிரதாயங்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிராக நிற்கின்றன. ஷேப்ஃபைல் முறையில், புள்ளி வரிசைப்படி எல்லையில் நடந்துபோகிற ஒருவருக்கு வலப்புறம் இருப்பதே பிரதேசத்தின் உட்புறம். மூலவரை வலத்தே வைத்துப் பிராகாரத்தைச் சுற்றும் பிரதட்சிணம் எப்படியோ அப்படி. ஜியோஜேசனுக்கு 2016இல் ஆர்எஃப்சி 7946 என்ற பெயரில் வகுக்கப்பட்ட நியமமோ வெளி வளையத்தை அப்பிரதட்சிணமாகச் சுற்ற வேண்டும் என்கிறது. அங்கே நிலம் இடக்கைப் பக்கம் வருகிறது. 2008இல் வந்த முதல் ஜியோஜேசன் விதிகளில் திசையைப் பற்றிய பேச்சே இல்லாதபடியால், அந்நாளில் எழுதப்பட்ட கோப்புகள் எந்தத் திசையிலும் இருக்கும். புதிய நியமமும் பழையவற்றைத் தள்ளிவிடாமல் ஏற்றுக்கொள்ளவே சொல்கிறது.

திசையென்ன திசை, எப்படிச் சுற்றினாலும் கோடு அதே கோடுதானே என்று நினைப்பது இயல்பு. சமதளத்தில் அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஏனெனில் முடிவில்லாத தளத்தில் வளையத்தின் ஒரு பக்கம் அளவுக்குட்பட்டது, மறுபக்கம் அளவிறந்தது, ஆகவே உட்புறம் எதுவென்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். ஆனால் பூமி கோளமாயிற்றே! கோளத்தின் மேல் வரைந்த எந்த வளையத்துக்கும் இரண்டு பக்கங்களும் அளவுக்குட்பட்டவையே. காரைக்காலைச் சுற்றி வரைந்த கோடு காரைக்காலை மட்டும் அடைத்துக்கொள்கிறது என்று சொல்வது எவ்வளவு நியாயமோ, காரைக்கால் நீங்கலான பூமண்டலம் முழுவதையும் அடைத்துக்கொள்கிறது என்று சொல்வதும் கணித ரீதியில் அவ்வளவே நியாயம். கோளத்தின் மேலேயே கணக்கிட்டு வரையும் டி3 என்ற மென்பொருள் நூலகம் திசையைச் சொல்லுக்குச் சொல் நம்புகிறது; அதன் வழக்கமோ பிரதட்சிணம்; ஆர்எஃப்சி நியமத்துக்கு இணங்கி ஒழுங்காக எழுதிய கோப்பை அதனிடம் கொடுத்தால், ஊர் வெறுமையாகவும் உலகம் முழுவதும் வண்ணம் பூசியும் வந்து நிற்கும். இதில் குற்றம் யாருடையதுமல்ல. இரண்டு தரப்பாரும் தத்தம் விதிப்படி நடந்திருக்கிறார்கள்.

திசைக்கு இன்னொரு பயனும் உண்டு. அதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது. பலகோணத்தின் விஸ்தீரணத்தைக் காண, அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளின் எண்களைக் குறுக்காகப் பெருக்கி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, வளையம் முழுவதற்கும் கூட்டி, பாதியாக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் மைஸ்டர் எழுதி வைத்ததும் காஸின் பெயரால் வழங்குவதுமான சூத்திரம் இது. அப்பிரதட்சிணமாகச் சுற்றிய வளையத்துக்கு விடை மிகை எண்ணாகவும், பிரதட்சிணமாகச் சுற்றியதற்குக் குறை எண்ணாகவும் வரும். ஆதலால், பிரதேசத்தின் நடுவே வேறொருவருடைய நிலம் ஓட்டைபோல் இருந்தால், வெளி வளையத்தை ஒரு திசையிலும் ஓட்டையின் வளையத்தை எதிர்த் திசையிலும் எழுதிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கூட்டினால் போதும். ஓட்டையின் பரப்பு தானாகவே கழிந்து, மிச்சமிருக்கிற உண்மையான விஸ்தீரணம் கைக்கு வரும். இந்தக் கூட்டலைப் பாகைகளில் செய்தால் பொருளில்லை, மீட்டருக்கு மாற்றிவிட்டே செய்ய வேண்டும் என்பது வேறு விஷயம். அதிலும் புதுச்சேரி, காரைக்கால், ஏனாம் மூன்றும், பூமியை மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் முறையின் 44ஆம் மண்டலத்திலும் மாஹே மட்டும் 43ஆம் மண்டலத்திலும் விழுவதால், இச்சிறு பிரதேசத்தின் பரப்பை அம்முறையில் காண இரண்டு மண்டலங்கள் வேண்டியிருக்கின்றன.

ஒரு புள்ளி பலகோணத்துக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதைக் கணினி கண்டுபிடிக்கும் விதத்தை விளக்க, விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்தவரையில் வேறில்லை. வளவனூரைத் தாண்டும்வரை தமிழ்நாடு. மதகடிப்பட்டு வந்ததும் புதுச்சேரி. கடைப் பலகைகளும் வண்டிகளின் எண் பலகைகளும் மாறுகின்றன, பெட்ரோல் பங்கில் விலை மாறுகிறது. திருபுவனை, திருவண்டார்கோயில் கடந்து கண்டமங்கலத்துக்கு வந்தால் மறுபடியும் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். அதையும் கடந்து அரியூர், வில்லியனூர் என்று வரும்போது மீண்டும் புதுச்சேரி. பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு வேறெதுவும் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. வெளியிலிருந்து புறப்பட்டோம் என்பதும், இதுவரை எத்தனை தடவை எல்லையைக் கடந்தோம் என்பதும் தெரிந்திருந்தால் போதும். கடந்த எண்ணிக்கை ஒற்றைப்படையானால் அவர் புதுச்சேரியில் இருக்கிறார்; இரட்டைப்படையானால் தமிழ்நாட்டில் இருக்கிறார். கணினியும் இதையேதான் செய்கிறது: கேட்கப்பட்ட புள்ளியிலிருந்து ஏதேனும் ஒரு திசையில் வெகு தூரத்துக்கு ஒரு நேர்கோட்டை ஓடவிட்டு, அது வளையங்களை எத்தனை முறை வெட்டுகிறதென்று எண்ணுகிறது. துண்டுகள் எத்தனை, ஓட்டைகள் எத்தனை, எது எதற்குள் என்ற விசாரணையே இதற்கு வேண்டியதில்லை. வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இதே கதைதான். நகரத்தை விட்டதும் கோட்டக்குப்பம் தமிழ்நாட்டில், அப்புறம் பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டு புதுச்சேரியில்.

எது எதற்குள் என்ற கேள்வி எந்த எல்லைவரை போகக்கூடும் என்பதற்கு வங்கத்தின் வடபகுதியில் 2015 வரை ஒரு சாட்சி இருந்தது. கூச்பிகார் சமஸ்தானத்துக்கும் ரங்கப்பூருக்கும் இடையே பழங்காலத்திலிருந்து பின்னிக் கிடந்த நிலங்கள், தேசப் பிரிவினைக்குப் பின் இரண்டு நாடுகளின் நிலங்களாகி, பங்களாதேஷுக்குள் 111 இந்தியத் துண்டுகளும் இந்தியாவுக்குள் 51 பங்களாதேஷ் துண்டுகளுமாக நின்றன. அவற்றில் தஹாலா கக்ராபாரி என்ற ஒன்று, பங்களாதேஷால் சூழப்பட்ட ஓர் இந்தியத் துண்டு. அதைச் சூழ்ந்த பங்களாதேஷ் நிலமோ வேறோர் இந்தியத் துண்டால் சூழப்பட்டது. அந்த இந்தியத் துண்டைச் சூழ்ந்திருந்தது பங்களாதேஷ் நாடு. விஸ்தீரணம் 2 ஏக்கருக்கும் குறைவு. தரவு அமைப்பில் இதற்காகத் தனியாக ஒரு விதி தேவைப்படவில்லை. ஓட்டைக்குள் இன்னொரு பலகோணம், அந்தப் பலகோணத்துக்குள் ஓர் ஓட்டை, அந்த ஓட்டைக்குள் மற்றொரு பலகோணம் என்று மல்ட்டிபாலிகன் என்ற தொகுப்பிலேயே அடங்கிவிடும். ஆனால் அந்த வளையங்களுக்குள் குடியிருந்த மனிதர்களுக்கு அவ்வளவு சுலபமாக எதுவும் அடங்கவில்லை. தம் நாட்டின் பள்ளிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டுமானால் அந்நிய நாட்டைக் கடந்தாக வேண்டும். கடப்பதற்கு வேண்டிய பத்திரத்தை வாங்கவோ அந்நிய நாட்டைக் கடந்தாக வேண்டும். 2015 ஜூலை 31 நள்ளிரவில் இரு நாடுகளும் அந்தத் துண்டுகளைப் பரிமாறிக்கொண்டபோது, உலக வரைபடக் கோப்புகளிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட வளையங்கள் ஒரே இரவில் அழிந்தன. வளையங்கள் அழிவதைக் கண்டு நான் இவ்வளவு ஆறுதல் அடைந்த சந்தர்ப்பம் வேறு கிடையாது.

இதுவரை சொன்னவையெல்லாம் ஒரு பலகோணத்தைத் தனியே வைத்துப் பேசியவை. நான் உள்ளபடியே சொல்ல விரும்புவது வேறு. இந்த வளைய முறைக்கு ஒரு பெருங்குறை இருக்கிறது; அது பக்கத்து நிலத்துக்காரரை அறியாது. காரைக்காலின் வளையத்தில் அதன் வட எல்லை எழுதப்பட்டிருக்கும். அதற்கு வடக்கேயுள்ள தமிழ்நாட்டு மாவட்டத்தின் வளையத்திலும் அதே எல்லை இன்னொரு தடவை, வேறொரு வரிசையில், வேறொருவர் கையால் எழுதப்பட்டிருக்கும். பூமியில் ஒரே ஒரு கோடாக இருப்பது தரவில் இரண்டு கோடுகளாகிவிடுகிறது. இரண்டும் ஒன்றே என்று கணினிக்குச் சொல்வார் யாருமில்லை.

இதன் விளைவைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டுவதில்லை. நகராட்சி ஒன்றின் வார்டு எல்லைகள் என்று என் கைக்கு வந்த ஒரு கோப்பைக் க்யூஜிஐஎஸ் மென்பொருளில் திறந்தபோது, தொலைவிலிருந்து பார்க்க அது குறையொன்றும் சொல்ல முடியாத அழகிய படமாகவே இருந்தது. நெருங்கி நெருங்கிப் போய், ஒரு தெருவின் அகலம் திரையை நிரப்பும் அளவுக்குப் பெரிதாக்கியபோதுதான், இரண்டு வார்டுகளின் நடுவே ஊசிபோல் மெலிந்து நீண்ட ஓர் இடைவெளியும், சற்றுத் தள்ளி அவையிரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும் ஒரு சில்லும் தென்பட்டன. அந்த இடைவெளியில் ஒரு வீட்டின் வாசல் விழுந்திருந்தது. முகவரியைப் புள்ளியாக்கி எந்த வார்டு என்று கேட்டால், எந்த வார்டும் இல்லை என்பதே விடை. ஏறிக்கிடந்த சில்லில் விழுந்த வீடோ இரண்டு வார்டுகளிலும் கணக்காயிற்று. அந்த வீடுகளில் இருப்பவர்கள் குடிநீருக்கும் ஓட்டுக்கும் உரியவர்கள் என்பதை நினைத்தால், இதை வெறும் நுட்பக் கோளாறு என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

கோட்டைச் சுருக்கும்போது இந்தக் குறை இன்னும் வெளிப்படையாகும். ஆயிரக்கணக்கான புள்ளிகளுள்ள எல்லையைச் சிறிய படத்துக்காகக் குறைக்க, 1973இல் டக்ளஸ், பொய்க்கர் இருவரும் வெளியிட்ட முறையும், 1993இல் விசுவலிங்கம், வையாட் இருவரும் வெளியிட்ட முறையும் பரவலாக வழங்குகின்றன. முன்னது நேர்கோட்டிலிருந்து அதிகம் விலகிய புள்ளிகளைத் தக்கவைத்துக்கொள்கிறது, பின்னது அண்டைப் புள்ளிகளோடு சேர்ந்து மிகச் சிறிய முக்கோணத்தை உண்டாக்கும் புள்ளியை ஒவ்வொன்றாக நீக்குகிறது. இரண்டும் நல்ல முறைகளே. ஆனால் இரண்டு அண்டை மாவட்டங்களைத் தனித்தனி வளையங்களாக வைத்துக்கொண்டு சுருக்கினால், ஒரே எல்லை ஒரு வளையத்தில் ஒரு விதமாகவும் மற்றதில் வேறு விதமாகவும் சுருங்கி, முன்பு பொருந்தியிருந்த இடத்திலும் விரிசல் காணக்கூடும்.

நம் முன்னோர் நிலத்தை எழுதிய முறையில் இந்த மறதி இல்லை. சோழர் செப்பேடுகளில், தானமாகக் கொடுத்த நிலத்தின் எல்லையைப் பெண் யானையை நடத்திச் சுற்றிவரச் செய்து, கல்லும் கள்ளியும் நாட்டிய செய்தியோடு, அந்த எல்லை எந்த ஊரின் நிலத்தை, எந்த வாய்க்காலை ஒட்டிப் போகிறதென்ற விவரமும் விரிவாக எழுதப்பட்டிருக்கும். இன்றைய கிரயப் பத்திரத்திலும் சொத்து விவரத்தில், இன்னார் நிலத்துக்குத் தெற்கு, பொது வாய்க்காலுக்கு வடக்கு, வண்டிப் பாதைக்கு மேற்கு, இன்னார் தோப்புக்குக் கிழக்கு, இந்நான்கெல்லைக்குள் பட்ட நிலம் என்றுதான் வாசகம் அமைகிறது. அட்சரேகை இல்லை, தீர்க்கரேகை இல்லை. சூழ இருப்பவர்களைச் சொன்னாலே நிலத்தைச் சொன்னதாகிறது. பத்திரத்தில் எழுதிய பரப்பளவுக்கும் நான்கெல்லைக்கும் முரண்பாடு வந்தால், எல்லைக்கே முதன்மை தருவது நம் நீதிமன்றங்கள் பொதுவாகக் கைக்கொண்டுவரும் கொள்கை.

நில அளவைத் துறையின் புலப்படமும், அதாவது சர்வேயர்கள் எஃப்எம்பி என்றே வாயாரச் சொல்லும் அந்த ஒற்றைத் தாளும், இந்த மரபையே பின்பற்றுகிறது. நடுவே புல எண், அதற்குள் உட்பிரிவுகள், ஒவ்வொரு பக்கத்தின் மேலும் அதன் நீளம், குறுக்கே போகும் அளவைக் கோட்டிலிருந்து வளைவுகளுக்குச் செங்குத்தாக எடுத்த தூரங்கள், முனைகளில் கற்கள். இவ்வளவும் புலத்துக்கு உள்ளே. வெளியே, எல்லைக்கோட்டை ஒட்டினாற்போல், அந்தந்தப் பக்கத்தில் இருக்கும் அண்டைப் புலத்தின் எண் எழுதப்பட்டிருக்கும். பட்டா மாறுதலுக்காகவோ வீட்டுக் கடனுக்காகவோ அந்தத் தாளைக் கையில் வாங்கிய அனைவரும் அந்த எண்களைப் பார்த்திருப்பார்கள். எனக்கு அந்தத் தாளில் மிகவும் பிடித்தவை அவைதான். இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் யாரென்பதை ஒவ்வொரு பக்கமும் அறிந்திருக்கிறது.

கணினி உலகத்திலும் இதை உணர்ந்தவர்கள் ஆரம்ப காலத்திலேயே இருந்தார்கள். அமெரிக்கக் குடிமதிப்புத் துறையார் 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஒட்டி உருவாக்கிய டைம் என்ற கோப்பு முறையில், பலகோணமே முதற் பொருளாக இல்லை. இரண்டு சந்திப்புகளுக்கு இடையேயுள்ள தெருத் துண்டுதான் முதற் பொருள், அதன் இடப்பக்கம் எந்த வட்டாரம், வலப்பக்கம் எந்த வட்டாரம் என்பது அதனோடு சேர்த்தே எழுதப்பட்டது. ஒரு வட்டாரத்தைச் சுற்றியுள்ள துண்டுகளையெல்லாம் தேடி எடுத்துக் கோத்தால் வளையம் மூடிக்கொள்கிறதா என்று பார்த்து, பிழைகளை இயந்திரமே கண்டுபிடித்தது. 1990 கணக்கெடுப்புக்காக அதே துறையார் அமைத்த டைகர் என்ற தரவுத்தொகுதி இதன் வழித்தோன்றல்.

டோப்போஜேசன் என்ற பிற்கால முறை இதையே மிகச் சுருக்கமாகச் செய்கிறது. எல்லைத் துண்டுகளுக்கு 0, 1, 2 என்று வரிசையெண் கொடுத்து, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை எழுதிவிட்டு, இந்த மாவட்டம் இன்னின்ன துண்டுகளால் ஆனது என்று எண்களை மட்டும் குறிப்பிட வேண்டியது. அண்டை மாவட்டமும் அதே துண்டைத்தான் பயன்படுத்தும்; ஆனால் ஒருவர் பிரதட்சிணமாக வரும்போது முன்னோக்கி நடக்கும் அந்தக் கோட்டை, அண்டையார் தம் பிரதட்சிணத்தில் பின்னோக்கித்தான் நடக்க முடியும்; ஆதலால் அவர் கணக்கில் அந்த எண் குறை எண்ணாகிறது. சுழியத்துக்குக் குறைக்குறி போட்டால் வித்தியாசம் தெரியாதென்பதால் 0ஆம் துண்டின் பின்னோக்கிய நடைக்கு -1 என்றும், 5ஆம் துண்டுக்கு -6 என்றும் எழுதுகிறார்கள். இந்தச் சிறு ஏற்பாட்டின் சாமர்த்தியம் என்னை எப்போதும் கவர்கிறது. துண்டு ஒன்றே ஆகையால், அதை எப்படிச் சுருக்கினாலும் இரு மாவட்டங்களும் சேர்ந்தே சுருங்கும். விரிசலுக்கு வழியே இல்லை.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடம் இன்னும் ஒரு படி மேலே போய், பலகோணம் என்ற ஒரு பொருளையே தன் தரவில் வைத்துக்கொள்ளவில்லை. அங்கே இருப்பவை புள்ளி, புள்ளிகளைக் கோத்த பாதை, பாதைகளைத் தொகுத்த உறவு என்ற மூன்றே. ஒரு பாதைக்கு 2000 புள்ளிகளுக்கு மேல் இடமில்லாததால், மாவட்ட எல்லை போன்ற நீண்ட கோடுகள் பல பாதைகளாகவே வெட்டப்பட்டிருக்கும். அவற்றை அவுட்டர், இன்னர் என்ற அடையாளங்களோடு ஓர் உறவாகக் கோத்தால் பிரதேசம் உருவாகிறது. புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் பொதுவான ஒரு பாதை இரண்டு உறவுகளிலும் உறுப்பினராக இருக்க முடிகிறது. யாரோ ஒருவர் அதில் ஒரு புள்ளியைத் திருத்தினால், இரண்டு பக்கமும் சேர்ந்தே திருந்தும். இந்த முறையில் சிரமங்களும் உண்டு. யாரேனும் ஒரு பாதையைக் கவனக்குறைவாக அழித்துவிட்டால் இரண்டு பிரதேசங்களும் ஒருங்கே உடைந்து திறந்துகொள்ளும். ஆயினும் அந்த உடைப்பு உடனே கண்ணில் படுகிறது. சில்லுகளோ வருஷக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கின்றன.

எளிய வளைய முறை ஏன் வென்றது என்பதையும் நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும். ஒரு மாவட்டத்தை மட்டும் தனியே எடுத்து ஒருவருக்கு அனுப்பலாம். திரையில் வரைய, எந்தத் துண்டையும் தேடிக் கோக்க வேண்டியதில்லை. புதிதாகக் கற்கும் ஒரு மாணவர் ஜியோஜேசன் கோப்பைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்தே படித்துவிடலாம். பரிமாற்றத்துக்கு இதைவிட இசைந்த முறை இல்லை. மூலத்தைப் பாதுகாக்கும் இடத்திலும் இதையே வைத்துக்கொள்வதைத்தான் நான் மறுக்கிறேன்.

இதை நாகப்பட்டினத்தில் வைத்துப் பார்த்தால் தெளிவாக விளங்கும். 1997இல் திருவாரூர் தனி மாவட்டமாகப் பிரிந்த பின், நாகப்பட்டினம் மாவட்டம் ஒன்றையொன்று தொடாத இரண்டு துண்டுகளாக நின்றது: வடக்கே சீர்காழி, மயிலாடுதுறை, தரங்கம்பாடிப் பக்கம் ஒன்று, தெற்கே நாகை, வேதாரண்யம் பக்கம் மற்றொன்று, நடுவே காரைக்காலும் திருவாரூர் மாவட்டமும். மயிலாடுதுறையிலிருந்து தம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் புறப்பட்டவர், காரைக்கால் வழியே யூனியன் பிரதேசத்தைக் கடந்தோ, திருவாரூர் வழியே அடுத்த மாவட்டத்தைக் கடந்தோதான் நாகப்பட்டினத்தை அடைய முடியும். தனி மாவட்டம் வேண்டுமென்று அப்பகுதி மக்கள் நெடுங்காலம் கேட்டதற்குப் பின்னால் இந்த வடிவமும் ஒரு காரணமாக இருந்தது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை மாவட்டம் செயலுக்கு வந்தபோது, நிலத்தின்மேல் புதிதாக ஒரு கோடுகூட வரையப்படவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தபோது புதிய எல்லை ஒன்று வேண்டியிருந்தது, இங்கே வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே தனியாக நின்ற வட துண்டுக்கு வேறு பெயர் வந்தது, அவ்வளவே.

எல்லைத் துண்டுகளை ஒருமுறை மட்டும் எழுதி வைத்திருப்பவருக்கு இது ஒரு நாழிகை வேலைகூட இல்லை. வட துண்டைச் சுற்றிய கோடுகளில் நாகப்பட்டினம் என்றிருந்த பக்கத்தை மயிலாடுதுறை என்று மாற்றிவிட்டால், காரைக்காலின் வட எல்லை இருந்த இடத்திலேயே இருக்க, அதற்கு அப்பால் யார் என்பது மட்டும் மாறும். வளையங்களாக வைத்திருந்தவர்கள் சிலர் புதிய மாவட்டத்தைப் புதிதாகவே வரைந்திருக்கிறார்கள். அப்படி வரைந்த கோப்பு ஒன்றை நான் பழைய காரைக்கால் கோப்பின் மேல் வைத்துப் பார்த்தேன். மாறவே மாறாத அந்த வட எல்லையில், அது ஒட்டிச் செல்லும் ஆற்றின் வளைவுகள் நெடுகிலும், இரண்டு கோடுகளும் பொருந்தவில்லை. இனி ஒரு மாவட்டம் பிரியும்போது கோப்புத் தயாரிக்கும் பொறுப்பில் இருப்பவர்கள், புதிய மாவட்டத்தை வரைவதற்கு முன், அதன் அண்டைப் பிரதேசங்களின் எல்லைக் கோடுகளை முதலில் திறந்து, ஏற்கெனவே இருக்கும் கோட்டை அப்படியே எடுத்துக்கொண்டு, புதிதாகப் பிரிந்த இடத்தில் மட்டும் புதுக் கோடு போட்டால், காரைக்காலில் கோப்பு வைத்திருப்பவர் தம் கோட்டில் ஒரு புள்ளியையும் தொட வேண்டியிராது.